மூளை, நரம்பு நோய்களும் ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்ஸும்: ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை வாங்கும் முன் படிக்க வேண்டிய முழு வழிகாட்டி

வீட்டில் ஒருவருக்கு பார்க்கின்சன் என்றோ அல்சைமர் என்றோ மருத்துவர் சொல்லிவிட்டால், அன்று இரவே இணையத்தில் தேடல் தொடங்கிவிடும். தேடினால் முதலில் கண்ணில் படுவது ஆன்டிஆக்சிடன்ட். வைட்டமின் ஈ, கோஎன்சைம் க்யூ10, குளுட்டாதயோன், ஆல்ஃபா லிபோயிக் ஆசிட், ஜிங்கோ என்று பட்டியல் நீளும். பக்கத்து மூலக்கூறுகளைத் தாக்கும் ஃப்ரீ ராடிக்கல்கள் மூளைச் செல்களை அழிக்கின்றன, இந்த மாத்திரைகள் அதைத் தடுக்கும் என்று விளக்கமும் இருக்கும்.

அந்த விளக்கத்தின் முதல் பாதி உண்மை. இந்த நோய்கள் பலவற்றில் ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ், அதாவது உடலின் தற்காப்பை மீறி ராடிக்கல்கள் பெருகிச் செல்லைச் சேதப்படுத்துவது, நிஜமாகவே நடக்கிறது. இறந்தவர்களின் மூளைத் திசுவில் அதன் தடயங்களை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். இரண்டாம் பாதியைத்தான் நோய்க்கு நோய் தனியாகப் பார்க்க வேண்டும். பெரும்பாலான நோய்களில் மாத்திரை சோதிக்கப்பட்டுத் தோற்றிருக்கிறது. சிலவற்றில் கொஞ்சம் உதவியிருக்கிறது. ஒன்றிரண்டில் வாழ்க்கையையே மாற்றியிருக்கிறது. உங்கள் வீட்டு நோய் இதில் எந்த வகை என்று நீங்களே பிரித்துப் பார்க்க உதவத்தான் இந்த வழிகாட்டி.

படி 1: உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனின் பெரும்பகுதி செல்லுக்குள் ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் செலவாகிறது. அங்கே எலக்ட்ரான்கள் கைமாறிக் கைமாறிக் கடைசியில் ஆக்சிஜனைச் சேர்ந்து தண்ணீராக வேண்டும். வழியில் சில எலக்ட்ரான்கள் கசிந்து, நேராக ஆக்சிஜனோடு ஒட்டிக்கொள்கின்றன. அப்படிப் பிறப்பதுதான் சூப்பர்ஆக்சைடு என்ற ராடிக்கல்.

இதைக் கையாள உடலிலேயே நொதிகள் இருக்கின்றன. சூப்பர்ஆக்சைடு டிஸ்ம்யூட்டேஸ் என்ற நொதியின் வேலையை 1969-இல் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் கண்டறிந்தார்கள். சூப்பர்ஆக்சைடை அது ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுகிறது. அப்புறம் கேட்டலேஸும் குளுட்டாதயோன் பெராக்சிடேஸும் அதைத் தண்ணீராக்கிவிடுகின்றன. இந்த வரிசை தடைபடும்போதுதான் சிக்கல். தேங்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு, கட்டுப்படாத இரும்பைச் சந்தித்தால் ஹைட்ராக்சில் ராடிக்கல் உருவாகிறது. சூப்பர்ஆக்சைடு நைட்ரிக் ஆக்சைடைச் சந்தித்தால் பெராக்சிநைட்ரைட் உருவாகிறது. கொழுப்புச் சவ்வு, புரதம், டிஎன்ஏ எல்லாவற்றையும் சேதப்படுத்துவதில் இவை இரண்டும் முன்னணி.

ஹைட்ராக்சில் ராடிக்கல் பிறந்த இடத்திலேயே, பக்கத்தில் எந்த மூலக்கூறு இருக்கிறதோ அதைத் தாக்கிவிடும். அதன் வேகத்துக்கு எந்த மாத்திரையும் ஈடுகொடுக்க முடியாது. விழுங்கிய வைட்டமின் சரியாக அந்த நொடியில் அந்தப் புள்ளியில் நிற்க வாய்ப்பே குறைவு. அதனால்தான் உடல் அதைத் துரத்திப் பிடிக்க முயல்வதில்லை. அது உருவாவதற்கு முந்தைய கட்டத்திலேயே நொதிகளை வைத்துத் தடுக்கிறது. வைட்டமின் ஈ-க்கும் ஒரு நிஜமான இடம் உண்டு: சவ்வில் ஒரு கொழுப்பிலிருந்து அடுத்த கொழுப்புக்குப் பரவும் சங்கிலித் தாக்குதலை அது அறுக்கிறது. ஆனால் உடலில் ஏற்கெனவே போதுமான அளவு வைட்டமின் ஈ இருக்கும்போது இன்னும் கொட்டுவதால் அந்த வேலை அதே விகிதத்தில் கூடிவிடாது.

இன்னொன்று. ராடிக்கல்கள் எல்லாம் எதிரி இல்லை. வெள்ளை அணுக்கள் கிருமியைக் கொல்வது இவற்றால்தான். உடற்பயிற்சியின் பலன் உடலில் பதியவும் இவை கொஞ்சம் தேவை. ஜெர்மனியில் நடந்து 2009-இல் வெளிவந்த ஆய்வில், உடற்பயிற்சியோடு தினமும் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் 400 யூனிட் வைட்டமின் ஈ-யும் எடுத்தவர்களுக்கு, பயிற்சியால் இன்சுலின் செயல்பாட்டில் கிடைத்திருக்க வேண்டிய முன்னேற்றம் கிடைக்கவில்லை.

படி 2: மூளை ஏன் இதற்கு இவ்வளவு எளிதில் இலக்காகிறது?

உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஓய்வாக இருக்கும்போது உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதம் அதற்கே போகிறது. அதன் சவ்வுகளில் டிஎச்ஏ போன்ற, எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் கொழுப்புகள் நிறைய. சில பகுதிகளில் இரும்பும் அதிகம். கேட்டலேஸோ குறைவு. நரம்பணுக்கள் தமக்குத் தேவையான குளுட்டாதயோன் என்ற தற்காப்புப் பொருளைத் தயாரிக்க, பக்கத்திலிருக்கும் ஆஸ்ட்ரோசைட் செல்கள் தரும் மூலப்பொருளை நம்பியிருக்கின்றன. தோல் செல்லைப் போல இறந்ததும் புதிதாகப் பிறப்பதும் இல்லை. ஆயுள் முழுக்கப் பெரும்பாலும் அதே செல்கள்தான்.

பார்க்கின்சனில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். பாதிக்கப்படும் செல்கள், உடல் அசைவை ஒழுங்குபடுத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளைத் தயாரிப்பவை. டோபமைன் தானாகவே ஆக்சிஜனேற்றம் அடையும். மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்ற நொதி அதைச் சிதைக்கும்போதும் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. 1980-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில், எம்பிடிபி என்ற வேதிப்பொருள் கலந்த போதைமருந்தைச் செலுத்திக்கொண்ட இளைஞர்கள் சிலர் சில நாட்களிலேயே பார்க்கின்சன் நோயாளிகளைப் போல உறைந்துபோனார்கள். அந்தப் பொருள் மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரான் கைமாறும் முதல் கட்டத்தை அடைத்துவிடுவது பிறகு தெரியவந்தது. 1989-இல், சாதாரண பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையிலும் அதே முதல் கட்டம் பலவீனமாக இருப்பது தெரிந்தது. ஆக, பார்க்கின்சனுக்கு ஆன்டிஆக்சிடன்ட் கொடுத்துப் பார்ப்பது மடத்தனமான யோசனை இல்லை. நியாயமான கருதுகோள்தான்.

கைகால் நரம்புகளின் கதை வேறு. பாதம்வரை போகும் நரம்பிழை ஒரு மீட்டர் நீளம் இருக்கலாம். அந்தக் கோடிவரை மைட்டோகாண்ட்ரியாக்களைக் கொண்டுசேர்க்க வேண்டும். சர்க்கரை நோயில் பாதத்தில் முதலில் மரத்துப்போவதற்கு இந்த நீளமும் ஒரு காரணம்.

படி 3: நெருப்பா, புகையா என்று கேளுங்கள்

செத்துக்கொண்டிருக்கும் எந்தச் செல்லிலும் ராடிக்கல்கள் கூடத்தான் செய்யும். அதனால் சேதத்தின் தடயம் கிடைத்தது என்பதற்காக அதுதான் நோயின் காரணம் என்று ஆகிவிடாது. இந்தத் துறை இதைக் கசப்பாகத்தான் கற்றுக்கொண்டது.

ஏஎல்எஸ் என்னும் இயக்க நரம்பணு நோயைப் பாருங்கள். பரம்பரையாக வரும் ஏஎல்எஸ் சிலருக்கு எஸ்ஓடி1 மரபணுவின் பிழையால் வருகிறது என்று 1993-இல் கண்டுபிடித்தார்கள். அது சூப்பர்ஆக்சைடு டிஸ்ம்யூட்டேஸுக்கான மரபணு. உடம்பின் ஆன்டிஆக்சிடன்ட் நொதி கெட்டுப்போனது, ராடிக்கல் பெருகியது, நரம்பணு செத்தது என்று எல்லாம் அழகாகப் பொருந்தியது. ஆனால் எலிகளில் பார்த்தபோது கணக்கு தலைகீழானது. அந்த நொதி அறவே இல்லாத எலிகளுக்கு ஏஎல்எஸ் வரவில்லை. பிழையான நொதியைக் கூடுதலாகப் புகுத்திய எலிகளுக்கு, அவற்றின் சொந்த நொதி நன்றாக வேலை செய்தும் வாதம் வந்தது. நொதி வேலை செய்யாததில் பிரச்சினை இல்லை. தவறாக மடிந்த அந்தப் புரதமே நஞ்சாக மாறியிருந்தது. 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டோஃபெர்சென் என்ன செய்கிறது தெரியுமா? எஸ்ஓடி1 புரதத்தின் உற்பத்தியையே குறைக்கிறது. ஒரு ஆன்டிஆக்சிடன்ட் நொதியைக் குறைப்பது சிகிச்சையாகியிருக்கிறது. ஆன்டிஆக்சிடன்ட் என்றாலே நல்லது என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இதுதான்.

இரும்பின் கதையும் அப்படித்தான். பார்க்கின்சனில் மூளையின் கருநிறப் பகுதியில் இரும்பு கூடுகிறது, இரும்பு ராடிக்கல்களைப் பெருக்குகிறது. அப்படியானால் இரும்பை வெளியேற்றலாமே? டெஃபெரிப்ரோன் என்ற மருந்தை, பார்க்கின்சனின் முக்கிய மருந்தான லெவோடோபாவை இன்னும் தொடங்காத 372 பேரிடம் சோதித்து 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். ஸ்கேனில் இரும்பு குறைந்தது. நோயாளிகளோ, மருந்து எடுக்காதவர்களைவிட மோசமானார்கள். டோபமைன் தயாரிக்கும் நொதிக்கே இரும்பு தேவை என்பது இதற்கு ஒரு விளக்கம்.

படி 4: உங்கள் நோய்க்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள்

அல்சைமர். இங்கே வைட்டமின் ஈ-க்கு மட்டும் கொஞ்சம் ஆதாரம் இருக்கிறது. 1997-இல் மிதமான அல்சைமர் உள்ள 341 பேரிடமும், 2014-இல் ஆரம்ப, மிதமான நிலையில் இருந்த 613 முன்னாள் ராணுவத்தினரிடமும் தினம் 2,000 யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டாவது ஆய்வில், குளிப்பது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் குறைவது ஆண்டுக்கு 19 சதவீதம் மெதுவானது. இரண்டேகால் வருடத்தில் சுமார் ஆறு மாதத் தாமதம். நினைவாற்றல் சோதனையில் தெளிவான வித்தியாசம் இல்லை. பராமரிப்பவர்களுக்கு அந்த ஆறு மாதம் சிறிய விஷயம் இல்லை, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பலன் நோய் உறுதியானவர்களுக்கு மட்டும். லேசான மறதி கட்டத்தில் இருந்த 769 பேரிடம் அதே அளவு கொடுத்தபோது, மூன்று வருட முடிவில் அல்சைமருக்குப் போகிறவர்கள் எண்ணிக்கை குறையவில்லை. ஆரோக்கியமான ஆண்கள் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு வைட்டமின் ஈ-யும் செலினியமும் கொடுத்தும் மறதி நோய் தடுக்கப்படவில்லை. ஜிங்கோ என்ற மூலிகைச் சாற்றை 3,069 முதியவர்களிடம் பார்த்தார்கள். 2008-இல் வந்த முடிவு, பலன் இல்லை.

பார்க்கின்சன். கருதுகோள் எவ்வளவு வலுவோ, தோல்வியும் அவ்வளவு தெளிவு. 800 பேரிடம் வைட்டமின் ஈ 2,000 யூனிட்: 1993-இல் பலன் இல்லை என்று அறிவித்தார்கள். கோஎன்சைம் க்யூ10-ஐ தினம் 1,200, 2,400 மில்லிகிராம் என்று 600 பேரிடம் பார்த்தார்கள். பயன் வராது என்று தெரிந்து ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள். யூரிக் ஆசிட் உடம்பின் சொந்த ஆன்டிஆக்சிடன்ட் என்பதால் அதை உயர்த்த இனோசின் கொடுத்தார்கள். யூரிக் ஆசிட் உயர்ந்தது, நோய் மெதுவாகவில்லை, சிறுநீரகக் கல் கூடியது. பார்க்கின்சன் வேகத்தைக் குறைக்கும் என்று சொல்லி யாராவது ஆன்டிஆக்சிடன்ட் விற்றால், இந்தப் பின்னணியோடு கேளுங்கள்.

ஏஎல்எஸ். எடாரவோன் என்ற ராடிக்கல் நீக்கியை ஜப்பான் 2001-இல் பக்கவாதத்துக்கும் 2015-இல் ஏஎல்எஸ்ஸுக்கும் அனுமதித்தது, அமெரிக்கா 2017-இல். ஏஎல்எஸ் அனுமதிக்கு அடிப்படையான ஆய்வில் இருந்தவர்கள் 137 பேர், அதுவும் ஆரம்ப நிலையில் இருப்பவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள். ஆறு மாதத்தில் சரிவு கொஞ்சம் மெதுவானது. பின்னாளில் ஐரோப்பாவில் வாய்வழி மருந்தாகச் சோதித்தபோது பலன் தெரியவில்லை. இதை எடுக்கலாமா என்பதை நரம்பியல் மருத்துவரோடு உட்கார்ந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

பக்கவாதம். என்எக்ஸ்ஒய்-059 என்ற, ராடிக்கலைப் பிடிக்கும் மருந்து 2006-இல் நம்பிக்கை தந்தது. மறுவருடம் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் செய்த பெரிய ஆய்வில் தோற்றது.

ஃப்ரீட்ரிக் அட்டாக்சியா. மைட்டோகாண்ட்ரியாவின் இரும்பைக் கையாளும் ஃப்ரட்டாக்சின் புரதம் குறைவதால் வரும் பரம்பரைத் தள்ளாட்ட நோய். ஓமாவெலொக்சொலோன் என்ற மருந்து 2023-இல் அமெரிக்காவில் 16 வயது நிரம்பியவர்களுக்கு அனுமதி பெற்றது. இது ராடிக்கலைத் துரத்துவதில்லை. என்ஆர்எஃப்2 என்ற கட்டுப்பாட்டுப் புரதத்தைத் தூண்டி, உடலின் சொந்தத் தற்காப்பு நொதிகளையே கூட்டுகிறது. உடலின் நோயெதிர்ப்பு அணுக்களே நரம்பின் உறையைத் தாக்கும் மல்டிபிள் ஸ்க்ளரோசிஸில் பயன்படும் டைமெத்தில் ஃப்யூமரேட்டும் அதே பாதையைத் தூண்டுகிறது, ஆனால் அதன் பலனில் நோயெதிர்ப்பு அணுக்களை மாற்றுவதற்கும் பெரிய பங்கு உண்டு. இவை இரண்டும் மருத்துவர் கண்காணிப்பில் மட்டும் எடுக்கும் மருந்துகள். ஒன்று கல்லீரல் நொதிகளை உயர்த்தும், மற்றது வெள்ளை அணுக்களைக் குறைக்கும்.

வைட்டமின் ஈ குறைபாட்டு அட்டாக்சியா. மிக அரிது. டிடிபிஏ மரபணுப் பிழையால், கல்லீரலால் வைட்டமின் ஈ-யை ரத்தத்துக்கு அனுப்ப முடியாது. தள்ளாட்டம், உணர்விழப்பு, பேச்சுக் குழறல் வரும். பார்த்தால் ஃப்ரீட்ரிக் போலவே இருக்கும். அதிக அளவு வைட்டமின் ஈ-யை ஆயுள் முழுக்கக் கொடுத்தால் நோய் நிற்கிறது, சிலருக்குக் குறையவும் செய்கிறது. கொழுப்பை உறிஞ்ச முடியாத குடல், கல்லீரல் நோய்களாலும் இதே குறை வரலாம். காரணம் தெரியாத அட்டாக்சியா யாருக்காவது இருந்தால், ரத்தத்தில் வைட்டமின் ஈ அளவைப் பார்த்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால், இதை வையுங்கள்.

சர்க்கரை நோய் நரம்புப் பாதிப்பு. ஆல்ஃபா லிபோயிக் ஆசிட் 600 மில்லிகிராம், ஐந்து வாரத்தில் எரிச்சலையும் குத்தல் வலியையும் குறைத்ததாக 2006-இல் 181 பேரிடம் செய்த ஆய்வு காட்டியது. 1,200, 1,800 என்று கூட்டியதில் கூடுதல் பலன் இல்லை, குமட்டல்தான் கூடியது. 460 பேரை நான்கு வருடம் பின்தொடர்ந்த ஆய்வில் முதன்மை இலக்கு எட்டப்படவில்லை. மருத்துவர் பரிசோதித்துக் காணும் குறைபாடுகளில் மட்டும் கொஞ்சம் முன்னேற்றம். எரிச்சலுக்காகச் சில வாரம் முயன்று பார்க்கலாம் என்பது என் கருத்து. சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதற்கு அது மாற்று ஆகாது.

படி 5: விளம்பரத்தையும் ஆய்வையும் சலித்துப் பாருங்கள்

யாரிடம் சோதித்தார்கள் என்று முதலில் பாருங்கள். கிண்ணத்தில் வளர்த்த செல்லிலும் எலியிலும் வேலை செய்த பட்டியல் மிக நீளம். என்எக்ஸ்ஒய்-059-உம் அதில் இருந்ததுதான்.

அடுத்து, எதை அளந்தார்கள்? ரத்தத்தில் ராடிக்கல் சேதத்தின் குறியீடு குறைந்தது என்பது நோயாளி நன்றாக ஆனார் என்பதற்குச் சமம் இல்லை. 2012-இல் வெளியான ஒரு ஆய்வில், அல்சைமர் நோயாளிகளுக்கு வைட்டமின் ஈ, சி, லிபோயிக் ஆசிட் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். முதுகுத்தண்டு நீரில் ஐசோப்ராஸ்டேன் என்ற சேதக் குறியீடு குறைந்தது. அதே குழுவில் நினைவாற்றல் மதிப்பெண் வேகமாகச் சரிந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் குறியீட்டை நம்பி மாத்திரை விழுங்குவதற்கு நல்ல எச்சரிக்கை.

மூளைக்குள் போகிறதா என்பதும் முக்கியம். குளுட்டாதயோனை விழுங்கினால் அதன் பெரும்பகுதி குடலிலேயே உடைந்துவிடுகிறது. மஞ்சளில் உள்ள குர்க்குமின் மிகக் குறைவாகத்தான் ரத்தத்தில் சேர்கிறது. சோதனைக்குழாயில் அளந்த ஆன்டிஆக்சிடன்ட் எண்ணை டப்பாவில் அச்சிட்டிருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். அப்படி உணவுகளைத் தரம் பிரித்த ஓஆர்ஏசி பட்டியலை, அந்த எண்ணுக்கும் உடலில் கிடைக்கும் பலனுக்கும் தொடர்பில்லை என்பதால் அமெரிக்க வேளாண்மைத் துறையே 2012-இல் நீக்கிவிட்டது.

எந்தக் கட்டத்தில் கொடுத்தார்கள் என்றும் பாருங்கள். பார்க்கின்சனில் கை நடுங்கத் தொடங்கும்போதே டோபமைன் செல்களில் கணிசமான பங்கு போய்விட்டிருக்கும். ஆய்வுகள் தோற்றதற்கு இந்தத் தாமதமும் ஒரு காரணம் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நியாயமான வாதம்தான், ஆனால் முன்கூட்டியே எடுத்தால் பலிக்கும் என்பதற்கு அது சான்று ஆகாது.

படி 6: கெடுதல் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

வைட்டமின்தானே, என்ன ஆகிவிடும் என்ற எண்ணம்தான் ஆபத்து. வைட்டமின் ஈ மாத்திரைகள் ரத்தக்கசிவுப் பக்கவாதத்தைக் கூட்டுவதாக ஆய்வுத் தொகுப்புகள் காட்டுகின்றன. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் எடுப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். தினம் 400 யூனிட் எடுத்த ஆண்களிடம் ப்ராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியது என்று 35,000-க்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2011-இல் சொன்னது. பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்த புகைப்பிடிப்பவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் கூடியது 1994-லேயே தெரிந்துவிட்டது.

நரம்புக்கு நல்லது என்று விற்கப்படும் கூட்டு மாத்திரைகளில் வைட்டமின் பி6 இருக்கும். அதிக அளவில் மாதக்கணக்கில் எடுத்தால் அதுவே கைகால் நரம்பைக் கெடுத்து மரத்துப்போகச் செய்யும். மரப்புக்கு மாத்திரை, மாத்திரையால் இன்னும் மரப்பு என்று சுழன்றுகொண்டே இருப்பவர்கள் உண்டு. லேபிளில் பி6 எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். இரண்டு மூன்று மாத்திரைகளில் இருந்தால் கூட்டிப் பாருங்கள்.

கீமோதெரபியில் இருப்பவர்கள் தாமாக எதையும் சேர்க்கக் கூடாது. நரம்பைக் காக்கும் என்று நம்பி அசிட்டைல் எல் கார்னிடின் எடுத்த மார்பகப் புற்றுநோயாளிகளுக்கு நரம்புப் பாதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. லெவோடோபா எடுப்பவர்கள் இரும்பு மாத்திரையை அதே நேரத்தில் விழுங்கினால் லெவோடோபா சரியாகச் சேராது. லிபோயிக் ஆசிட் அரிதாகச் சிலருக்குத் திடீர் சர்க்கரைத் தாழ்வை உண்டாக்கும். வலிப்பு உள்ளவர்கள் ஜிங்கோவைத் தவிர்ப்பது நல்லது.

படி 7: முதலில் செய்ய வேண்டியவை

குறை இருக்கிறதா என்று பரிசோதியுங்கள். மரப்பு, தள்ளாட்டம், மறதி எதுவானாலும் பி12, தைராய்டு, சர்க்கரை அளவுகளைப் பார்க்காமல் ஆன்டிஆக்சிடன்ட் பக்கம் போகவே வேண்டாம். சர்க்கரை மருந்தான மெட்ஃபார்மினை நீண்ட காலம் எடுப்பவர்களுக்கு பி12 குறையலாம். அதைச் சரிசெய்தால் கிடைக்கும் பலனுக்குப் பக்கத்தில் எந்த ராடிக்கல் நீக்கியும் வர முடியாது.

அப்புறம் ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, செவித்திறன், தூக்கம், உடற்பயிற்சி. கேட்டுச் சலித்த பட்டியல்தான், தெரியும். ஆனால் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் 14 காரணிகளைப் பட்டியலிட்டு, உலகில் மறதி நோய்களில் ஏறக்குறைய 45 சதவீதம் இவற்றோடு தொடர்புடையது என்று கணக்கிட்டது. மறதி நோயைத் தடுக்க வைட்டமின் பி, ஈ, கூட்டு மாத்திரைகளைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தெளிவாகவே எழுதியது. தொடர்ந்து உடற்பயிற்சி செய்பவரின் தசையில் தற்காப்பு நொதிகள் தாமாகவே கூடுகின்றன. காய்கறி, பழம், பருப்பு, கொட்டை வகைகளைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். மாத்திரை ஆய்வுகள் தோற்றதற்காக இவற்றைக் குறைக்க எந்தக் காரணமும் இல்லை.

படி 8: எடுப்பது என்று முடிவானால்

நோயாளி எடுக்கும் எல்லா மருந்துகளையும் அளவோடு ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் திட்டுவார் என்று மாத்திரையை மறைக்க வேண்டாம். ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் தொடங்குங்கள்; நான்கைச் சேர்த்தால் எது உதவியது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. தொடங்கும் அன்றே நிறுத்தும் தேதியையும் குறித்துவிடுங்கள். எரிச்சலுக்கு என்றால், தினமும் இரவு 0 முதல் 10 வரை ஒரு எண் எழுதி வாருங்கள். குறித்த தேதியில் எண் குறையவில்லை என்றால் மாத்திரையை நிறுத்திவிடுங்கள். அறுவை சிகிச்சை இருந்தால் எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று கேளுங்கள். லெவோடோபா, அல்சைமருக்கான டோனெபெசில், வலிப்பு மருந்து இவற்றை எக்காரணம் கொண்டும் உங்கள் முடிவில் குறைக்காதீர்கள்.

முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை அல்லது கால் திடீரென்று செயலிழப்பது, பேச்சு குழறுவது, சில நாட்களில் மளமளவென்று மேலேறும் கால் பலவீனம், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் — இவற்றில் ஒன்று வந்தாலும் மாத்திரைப் பெட்டியைத் தேடிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அறிகுறி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்துக்கொண்டு போங்கள். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போடலாமா என்பதை முடிவுசெய்ய மருத்துவர் முதலில் கேட்பது அந்த நேரத்தைத்தான்.